மருந்துக்கு அடங்காத கிருமிகள்

கேரளத்தையும் தமிழகத்தையும் பிரித்து நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலையில் இயற்கை விட்டுவைத்த பெரிய வாயில் பாலக்காட்டுக் கணவாய் ஆகும். ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுள்ள இவ்வாயிலின் வழியே இருப்புப்பாதையும் நெடுஞ்சாலையும் செல்கின்றன. பல்லடம், பொள்ளாச்சி, உடுமலைப் பகுதிகளில் வளர்க்கப்படும் இறைச்சிக் கோழிகளும், பாலும், முட்டையும், காய்கறியும் வாளையார், கோபாலபுரம், மீனாட்சிபுரம் வழியாக நாள்தோறும் மேற்கே போகின்றன. தெற்கே இடுக்கி எல்லையில் நிலைமை சற்று வேறுபட்டது. அங்கே சரக்கைவிட மனிதர்களின் போக்குவரத்தே மிகுதி. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் போடியிலிருந்தும் விடியற்காலையில் ஜீப்புகளில் புறப்படும் பெண் தொழிலாளர்கள் குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு வழியே மலையேறி, உடும்பஞ்சோலை வட்டாரத்து ஏலத் தோட்டங்களில் வேலை செய்து மாலையில் வீடு திரும்புகின்றனர். தேவிகுளம், பீருமேடு தேயிலைத் தோட்டங்களிலோ தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் உள்ளன.

இப்போக்குவரத்தோடு கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களும் எல்லையைக் கடக்கின்றன. வாளையார் விற்பனைவரிச் சாவடியில் ஒரு காலத்தில் லாரிகள் மணிக்கணக்கில், சில வேளை நாட்கணக்கில் காத்துக் கிடந்ததை அறியாதவர் இலர். 2017ஆம் ஆண்டில் சரக்கு, சேவை வரி வந்தபின் அவ்வரிசை மறைந்தது. நுண்ணுயிர்களோ அன்றும் வரிசையில் நின்றதில்லை. அவற்றுள் மருந்துக்கு அடங்காத வகைகள் பெருகிவருவதும், அவற்றை எதிர்க்க ஆராய்ச்சியாளர்கள் மேற்கொண்டுள்ள முயற்சிகளும் இவ்வெல்லைப்புற மக்களுக்கு நேரடியாகத் தொடர்புடைய செய்திகளாகும்.

உலக அளவில் இதன் பரிமாணத்தை 2022ஆம் ஆண்டில் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளிவந்த மதிப்பீடு காட்டுகிறது. 2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்துகளுக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்களே நேரடிக் காரணமாக 12.7 இலட்சம் பேர் மாண்டனர் என்றும், இவை ஏதேனும் ஒரு வகையில் பங்குகொண்ட மரணங்கள் 49.5 இலட்சம் என்றும் அது கணக்கிட்டது.

எதிர்ப்பாற்றல் எவ்வாறு தோன்றுகிறது?

‘அடிக்கடி மாத்திரை தின்றதால் உடம்புக்கு மருந்து பழகிவிட்டது’ என்று மக்கள் பேசிக்கொள்வதுண்டு. இது தவறான கருத்து. மருந்துக்குப் பழகுவது உடம்பன்று, கிருமியே. அதுவும் ஒவ்வொரு கிருமியும் தனித்தனியே பழகிக்கொள்வதில்லை. பெருங்கூட்டத்தில் தற்செயலாக மாறுபட்டுப் பிறந்த ஒன்றிரண்டை மருந்து கொல்ல இயலாது. மற்றவை அழிந்தபின் காலியான இடத்தில் அவ்வொன்றிரண்டும் பல்கிப் பெருகிவிடுகின்றன. சில கிருமிகள் மருந்தைச் சிதைக்கும் நொதியைச் சுரக்கின்றன. சில, உள்ளே நுழைந்த மருந்தை இறைத்து வெளியேற்றுகின்றன. வேறு சில, மருந்து சென்று பற்றவேண்டிய உறுப்பின் வடிவத்தையே மாற்றிக்கொள்கின்றன.

பென்சிலினை 1928இல் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங் 1945ஆம் ஆண்டு நோபல் பரிசு ஏற்றபோது நிகழ்த்திய உரையிலேயே, குறைந்த அளவில் மருந்தை உட்கொள்வது எதிர்ப்புள்ள கிருமிகளை வளர்க்கும் என எச்சரித்தார். ஆனால் அவருக்கும் அன்று தெரியாத ஒரு வழி கிருமிகளிடம் இருந்தது. 1950களில் ஜப்பானில் சீதபேதி நோயாளிகளை ஆராய்ந்த அறிஞர்கள், ஒரே கிருமி நான்கு மருந்துகளுக்கு ஒருங்கே கட்டுப்படாமல் இருப்பதைக் கண்டனர். இவ்வாற்றல் ஒரு கிருமியிலிருந்து, முற்றிலும் வேறு இனத்தைச் சேர்ந்த கிருமிக்கும் கைமாறக்கூடியது என 1959இல் அவர்கள் நிறுவினர். மரபுச் செய்தி அடங்கிய சிறு வளையம் ஒன்று ஒரு நுண்ணுயிரிலிருந்து இன்னொன்றுக்குச் செல்கிறது. தந்தையிடமிருந்து மகனுக்கு வரும் சொத்தைப்போலன்றி, அண்டை வீட்டார்க்குக் கொடுக்கும் உறைமோர் போன்றது இது எனலாம்.

கோழிக்கோடு, 1972

இவ்வாறு கைமாறும் ஆற்றல் ஒரு பெருநோயில் வெளிப்பட்ட வரலாற்றில் கேரளத்துக்கு முக்கிய இடம் உண்டு. பாலக்காட்டுக்கு அடுத்த மலப்புறத்தைத் தாண்டினால் கோழிக்கோடு. 1957இல் தொடங்கப்பெற்ற அங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் அறிஞர் சி. கே. ஜெயராம் பணிக்கர் பணியாற்றி வந்தார். டைபாய்டு காய்ச்சலுக்கு 1948 முதல் குளோரம்பெனிக்கால் என்னும் மருந்தே கைகண்ட மருந்தாக இருந்தது. 1972இல் கோழிக்கோட்டில் அம்மருந்துக்குக் கட்டுப்படாத டைபாய்டு பரவியது. நோயாளிகளிடமிருந்து பிரித்தெடுத்த கிருமிகளை ஆராய்ந்த பணிக்கரும் அவருடன் பணியாற்றிய விமலாவும், அவ்வெதிர்ப்பாற்றல் பிற கிருமிகளுக்குக் கைமாறக்கூடியது எனக் கண்டனர். அவர்களது ஆய்வுரை அவ்வாண்டே ‘நேச்சர்’ இதழில் வெளியாயிற்று. அதே 1972இல் மெக்சிகோவிலும் இத்தகைய டைபாய்டு பெருவாரியாகப் பரவிப் பல்லாயிரவரைத் தாக்கியது.

பணிக்கரின் பெயரை நம் மருத்துவ மாணவர்கள் நன்கு அறிவார்கள். அனந்தநாராயணனும் பணிக்கரும் இணைந்து எழுதி 1978இல் வெளிவந்த நுண்ணுயிரியல் பாடநூல் இன்றளவும் பல பதிப்புகளைக் கண்டு வருகிறது. ஆயினும் அந்நூலைப் படித்தவர்களுள் எத்தனை பேர் 1972ஆம் ஆண்டு ஆய்வை அறிவர் என்பது ஐயமே. வசதிகள் குறைந்த ஒரு மாவட்டக் கல்லூரி ஆய்வகம், தன் மருத்துவமனைக்கு வந்த நோயாளிகளைக் கூர்ந்து கவனித்ததனாலேயே இதனைக் கண்டறிந்தது என்பதை இங்குக் குறிப்பிட வேண்டும்.

அதன்பின் நடந்தது படிப்பினைக்குரியது. 1980களின் இறுதியிலும் அடுத்த பத்தாண்டிலும் குளோரம்பெனிக்கால் கைவிடப்பட்டு, சிப்ரோபிளாக்சசின் அவ்விடத்தைப் பிடித்தது. அளவின்றிப் பயன்படுத்தப்பட்டதால் அதன் வலிமையும் பெரும்பாலும் போயிற்று. இன்று செப்டிரியாக்சோன் ஊசியும் அசித்ரோமைசினுமே கைகொடுத்து வருகின்றன. ஆனால் பயன்பாட்டிலிருந்து ஏறக்குறைய நீங்கிவிட்ட குளோரம்பெனிக்காலுக்கு, நாட்டின் பல ஆய்வகங்களில் டைபாய்டு கிருமிகள் மீண்டும் கட்டுப்படுவது தெரியவந்தது. எதிர்ப்பாற்றலைச் சுமப்பது கிருமிக்கும் ஒரு செலவே. தேவையில்லாதபோது அச்சுமையை இறக்கிவைக்கும் கிருமிகளே விரைந்து பெருகுகின்றன. எல்லாக் கிருமிகளிடத்தும் இவ்வாறு நிகழ்வதில்லை. எனினும் மருந்தைக் கட்டிக் காத்தால் இழந்த பயனில் ஒரு பகுதியையேனும் மீட்க இயலும் என்பதற்கு இது சான்று.

டைபாய்டைப் பொறுத்தவரை இன்னொன்றையும் கூறவேண்டும். கிருமி வயிற்றுக்குள் செல்லாவிட்டால் மருந்துக்கே வேலை இல்லை. தூய குடிநீரும் கழிவுநீர் அகற்றலும் மருந்தைவிடப் பழமையான, ஆனால் எந்தக் கிருமியாலும் வெல்ல முடியாத பாதுகாப்பாகும். இவற்றோடு, நம் நாட்டில் உருவாக்கப்பட்ட புதிய வகை டைபாய்டு தடுப்பூசியும் உள்ளது. குடிநீர்த் திட்டங்களுக்குச் செலவிடும் தொகையை மருத்துவச் செலவினத்தில் எவரும் சேர்ப்பதில்லை. சேர்த்துப் பார்த்தால் அதன் உண்மையான இலாபம் விளங்கும்.

சேத்துப்பட்டு தந்த பாடம்

காசநோயில்தான் எதிர்ப்பாற்றலை எதிர்த்துப் போராடும் முறையே முதன்முதலில் வகுக்கப்பட்டது. 1940களில் ஸ்டிரெப்டோமைசின் தனியே கொடுக்கப்பட்டபோது நோயாளிகள் முதலில் தேறினர். சில திங்களில் நோய் திரும்பியது. காரணம் ஓர் எளிய கணக்கே. நுரையீரலில் ஒரு பெரிய புண்குழியில் ஏறத்தாழ பத்துக் கோடிக் கிருமிகள் இருக்கக்கூடும். பத்து இலட்சத்தில் ஒரு கிருமி ஐசோனியசிட் மருந்துக்கு இயல்பாகவே கட்டுப்படாது. எனவே அக்குழியில் நூறு கிருமிகள் முன்னரே தப்பப் பிறந்தவை. ரிபாம்பிசினுக்குப் பத்துக் கோடியில் ஒன்று அடங்காது. இரண்டுக்கும் ஒருங்கே அடங்காத கிருமி பிறக்க வேண்டுமானால், கோடியைக் கோடியால் பெருக்கிய எண்ணிக்கையில் கிருமிகள் வேண்டும். எந்த மனித உடலிலும் அத்தனை இல்லை. கூட்டு மருந்து முறையின் அடிப்படை இதுவே.

ஆனால் இக்கணக்கு மருந்தைத் தவறாமல் உட்கொள்பவருக்கே பொருந்தும். ஏழை நாடுகளில் அது இயலுமா என்ற வினாவுக்கு விடை காண 1956ஆம் ஆண்டில் சென்னையில் காசநோய் வேதிமருத்துவ மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் இதற்குப் பொறுப்பேற்றன. நகரின் நெருக்கடியான ஏழைப் பகுதிகளைச் சேர்ந்த 193 நோயாளிகளில் ஒரு பிரிவினர் சானடோரியத்தில் சேர்க்கப்பட்டனர். மறுபிரிவினர் வீட்டிலிருந்தபடியே ஓராண்டு மருந்துண்டனர். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல உணவும் ஓய்வும் கிடைத்தன. வீட்டிலிருந்தவர்கள் அரைவயிற்று உணவோடு, பலர் வேலையும் பார்த்து வந்தனர். 1959இல் வெளியான முடிவின்படி சானடோரியப் பிரிவில் 92 சதவிகிதத்தினரும், வீட்டுப் பிரிவில் 86 சதவிகிதத்தினரும் கிருமி நீங்கித் தேறினர். வீட்டிலிருந்த குடும்பத்தினருக்கு அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. சானடோரியங்கள் கட்டக் கோடிகள் இல்லாத நாடுகளுக்கெல்லாம் இது வழிகாட்டிற்று.

வேறோர் ஆய்வில், ஐசோனியசிட்டைத் தனியே உட்கொண்டவர்களைக் கூட்டு மருந்து உட்கொண்டவர்களோடு ஒப்பிட்டனர். தனி மருந்து பெற்றவர்களில் குணமாகாதவர்களிடம் எதிர்ப்புள்ள கிருமிகள் மிகுந்திருந்தன. நோயாளி உண்மையில் மருந்துண்கிறாரா என அறிய, முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணுவதும் சிறுநீரைச் சோதிப்பதும் இம்மையத்தின் வழக்கம். அதன் பயனாக, வாரம் இருமுறை ஊழியர் முன்னிலையில் மருந்து கொடுக்கும் முறை 1960களிலேயே இங்கு சோதிக்கப்பட்டது. பிற்காலத்தில் உலகெங்கும் பின்பற்றப்பட்ட நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சையின் வேர் சேத்துப்பட்டில்தான் உள்ளது. தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் அம்மையம் இன்றும் அங்கேயே இயங்குகிறது.

கோழிப் பண்ணையிலிருந்து வீட்டுக்கு

மருந்துகளை மனிதர் மட்டுமே உட்கொள்வதில்லை. தீவனத்தில் மிகக் குறைந்த அளவு நுண்ணுயிர்க்கொல்லி கலந்தால் கோழிகள் விரைவில் எடை கூடுகின்றன என்பது 1950 அளவில் அமெரிக்காவில் தெரியவந்தது. குறைந்த அளவில், நெடுநாள், ஆயிரக்கணக்கான உயிர்களுக்கு என்பது எதிர்ப்புள்ள கிருமிகளை வளர்க்க வேண்டுமென்றே திட்டமிட்டாலும் இதைவிடச் சிறந்த வழி கிடைக்காது என்னும்படியான முறையாகும்.

ஸ்டூவர்ட் லெவி என்ற அமெரிக்க அறிஞரும் அவர் குழுவினரும் 1976இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் எடுத்துக்காட்டத் தக்கது. ஒரு பண்ணையில் கோழிகளுக்கு டெட்ராசைக்ளின் கலந்த தீவனம் கொடுத்தனர். 36 மணி நேரத்துக்குள் கோழிகளின் குடற்கிருமிகள் அம்மருந்துக்கு அடங்காதவையாக மாறத் தொடங்கின. ஐந்தாறு திங்களில் பண்ணை வீட்டாரிடம் எடுத்த மாதிரிகளில் 31.3 சதவிகிதத்தில் பெரும்பாலான குடற்கிருமிகள் எதிர்ப்புள்ளவையாக இருந்தன. அண்டை வீட்டாரிடம் இது 6.8 சதவிகிதமே. பண்ணை வீட்டாரில் எவரும் அம்மருந்தை உட்கொண்டவரல்லர்.

நம் நாட்டில் பஞ்சாபின் 18 கோழிப் பண்ணைகளில் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வு, இறைச்சிக் கோழிப் பண்ணைகளில் எடுத்த கிருமிகளில் 87 சதவிகிதமும், முட்டைக் கோழிப் பண்ணைகளில் 42 சதவிகிதமும், வலிமை மிக்க மருந்துகளைச் சிதைக்கும் நொதியைப் பெற்றிருந்ததாகக் கண்டது. கடைசிப் புகலிடமாக மருத்துவர்கள் வைத்திருந்த கொலிஸ்டின் மருந்துக்கு எதிரான, கைமாறக்கூடிய மரபணு 2015இல் சீனத்தில் கண்டறியப்பட்டது. இதனைத் தொடர்ந்து, உணவுக்காக வளர்க்கப்படும் விலங்குகளுக்குக் கொலிஸ்டின் வழங்குவதை மைய அரசு 2019 ஜூலையில் தடை செய்தது. 

பல்லடத்தில் தோன்றி இன்று பரவியுள்ள ஒப்பந்தக் கோழி வளர்ப்பில் குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனத்துடையவை. கொட்டகையும் உழைப்பும் விவசாயியுடையவை. தீவன மூட்டையில் என்ன கலந்துள்ளது என்பதை விவசாயி பெரும்பாலும் அறியார். ஆதலால் சட்டத்தின் கண் கொட்டகையின்மீது படுவதைவிடத் தீவன ஆலையின்மீது படுவதே பயன்தரும். எல்லைச் சாவடியில் கால்நடைப் பராமரிப்புத் துறையினர் கோழிகளின் உடல்நிலையைப் பார்க்க முடியும். அவற்றின் குடலில் உள்ள கிருமிகளின் தன்மையை அங்கு நின்று காண இயலாது. அதற்குப் பண்ணையிலும் அங்காடியிலும் மாதிரி எடுத்து ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்க வேண்டும். கணவாயின் இருபுறமும் எடுக்கப்படும் மாதிரிகளின் முடிவுகள் ஒரே பதிவேட்டில் சேர்வதற்கு நிலையான ஏற்பாடு தேவை. கோவை, பாலக்காடு ஆகிய இரு இடங்களிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. இடையே உள்ள தூரம் ஒன்றரை மணிப் பயணமே.

கட்டுப்பாடும் அதன் வரம்பும்

2010ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளிவந்த ஓர் ஆய்வுரை நம் நாட்டில் பெரும் பரபரப்பை உண்டாக்கியது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி அதன் முதல் ஆசிரியர். ஏறக்குறைய எல்லா மருந்துகளையும் முறியடிக்கும் ‘என்.டி.எம்.-1’ என்ற நொதியுள்ள கிருமிகளைச் சென்னையில் 44 மாதிரிகளிலும், அரியானாவில் 26 மாதிரிகளிலும், பிரிட்டனில் 37 மாதிரிகளிலும், இந்திய பாகிஸ்தானின் பிற இடங்களில் 73 மாதிரிகளிலும் கண்டதாக அது தெரிவித்தது. நொதியின் பெயரில் புதுதில்லி இடம்பெற்றது குறித்து எழுந்த விவாதத்தில், கண்டறிந்த செய்தியின் முக்கியத்துவம் சிறிது காலம் மறைந்துபோயிற்று. பெயரைப் பற்றிய மனக்குறை நியாயமானதே. ஆனால் கிருமி பெயரைப் பார்த்துப் பரவுவதில்லை.

விவாதம் அடங்கியபின் நல்ல விளைவுகளும் உண்டாயின. 2012இல் சென்னையில் கூடிய மருத்துவச் சங்கங்கள், நம் நாட்டு நிலைமைக்கேற்ற நடைமுறைத் திட்டத்தைச் ‘சென்னைப் பிரகடனம்’ என வெளியிட்டன. வலிமை மிக்க மருந்துகளை விற்கும் கடைக்காரர் மருத்துவர், நோயாளி, மருந்து ஆகிய விவரங்களைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு காக்க வேண்டும் என்ற விதி 2014 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்தது. தேசியச் செயல்திட்டம் 2017இல் வகுக்கப்பட்டது. 2018 அக்டோபரில் தனக்கென ஒரு செயல்திட்டத்தை வெளியிட்ட முதல் மாநிலம் கேரளமாகும். மருத்துவர் சீட்டின்றி இம்மருந்துகளை விற்கும் கடைகளைத் திடீர்ச் சோதனை செய்யும் ‘ஆபரேஷன் அம்ரித்’ அங்கு 2024 ஜனவரியில் தொடங்கப்பட்டது.

கேரளத்தின் முன்முயற்சி பாராட்டத்தக்கது. ஆயினும் எல்லைப்புறத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு கரையில் கடுமையும் மறுகரையில் தளர்ச்சியும் இருந்தால், குமுளியில் கிடைக்காத மாத்திரையைப் பேருந்தேறிச் சென்று வேறிடத்தில் வாங்குவது அரிதன்று. மேலும், கடைக்காரரிடம் நேரே மருந்து கேட்பவர் எல்லோரும் அலட்சியக்காரர் அல்லர். மருத்துவரைக் காண ஒருநாள் கூலியை இழக்க வேண்டிய தோட்டத் தொழிலாளிக்கு மருந்துக்கடையே மருத்துவமனை. மாலை நேரத்தில் இயங்கும் ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்று, பல திடீர்ச் சோதனைகளுக்கு ஈடாகும் என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

புதிய மருந்துகளும் பொருளாதாரமும்

புதிய மருந்து கண்டுபிடித்தால் போதாதா என்ற கேள்வி எழலாம். இங்கே அறிவியலைவிடப் பொருளாதாரமே தடையாக உள்ளது. எந்தப் பொருளையும் நிறைய விற்றால்தான் முதலீடு திரும்பும். புதிய நுண்ணுயிர்க்கொல்லியையோ இயன்றவரை பயன்படுத்தாமல் பூட்டி வைக்கவேண்டும். அமெரிக்காவின் அக்கோஜென் நிறுவனம் தன் புதிய மருந்துக்கு 2018இல் அரசு ஒப்புதல் பெற்றும், 2019 ஏப்ரலில் திவாலாயிற்று. இதனைக் கண்ட பிரிட்டன், விற்பனை அளவைப் பாராமல் ஆண்டுதோறும் ஒரு நிலையான தொகையை நிறுவனத்துக்கு வழங்கும் முறையை 2022இல் இரு மருந்துகளுக்குச் செயற்படுத்தியது. ஊர் ஏரியைக் காக்கும் நீர்க்கட்டிக்கு அவர் பாய்ச்சிய தண்ணீரின் அளவைப் பார்த்துக் கூலி கொடுத்தால் ஏரி என்னாகும் என்பதை நம் உழவர்கள் அறிவார்கள்.

இவ்வளவு தடைகளுக்கிடையிலும் சென்னையின் ஆர்கிட் நிறுவன ஆய்வகத்தில் உருவான என்மெட்டசோபாக்டம், கிருமியின் நொதியை முடக்கித் துணைமருந்துக்கு வழிவிடும் மருந்து, 2024 பிப்ரவரியில் அமெரிக்க அரசின் ஒப்புதலைப் பெற்றது.

எல்லை கடக்கும் நோயாளி

காசநோயில், ஐசோனியசிட், ரிபாம்பிசின் ஆகிய இரண்டுக்கும் அடங்காத வகையே இன்று பெருங்கவலைக்குரியது. அண்மைக்காலம் வரை இதற்கான சிகிச்சை பெரும்பாலும் 18 முதல் 20 திங்கள் வரை நீடித்தது. இடுக்கி மலையில் ஏலக்காய் பறிப்பு ஏறத்தாழ ஆடி, ஆவணியில் தொடங்கித் தை வரை நடைபெறும். பறிப்பு முடிந்தால் வேலை தேடிக் கீழே இறங்குவோர் பலர். அவ்வாறு ஒரு தொழிலாளியின் சிகிச்சைக்காலம் இரண்டு பருவங்களையும் இரண்டு மாநிலங்களையும் தாண்டிச் செல்ல வேண்டியிருந்தது. பாதியில் நிற்கும் சிகிச்சையே எதிர்ப்பாற்றலின் விளைநிலம் என்பதால், நோயாளி இடம் பெயர்வதே இங்கு மருத்துவச் சிக்கலாகிறது.

இரு மாநிலங்களுக்கும் பொதுவான ‘நிக்ஷய்’ மின்பதிவேட்டின் வழியே, உடும்பஞ்சோலையில் பதிவான நோயாளியின் விவரங்களைப் போடிக்கு மாற்ற இயலும். நோயாளியின் வங்கிக் கணக்கில் சேரும் ஊட்டச்சத்து உதவித்தொகை மாதம் 500 ரூபாயாக இருந்து, 2024 நவம்பரில் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இவற்றினும் பெரிய மாற்றம் சிகிச்சைக்காலம் சுருங்கியதாகும். பெடாகுலின், பிரெடோமனிட், லினசோலிட், மாக்சிபிளாக்சசின் ஆகிய நான்கு மருந்துகளை வாய்வழியே உட்கொண்டு ஆறு திங்களில் முடிக்கும் முறைக்கு மைய சுகாதார அமைச்சகம் 2024 செப்டம்பரில் ஒப்புதல் அளித்தது. ஊசி கிடையாது.

ஆறு திங்கள் என்பது ஒரு பறிப்புக்காலத்துக்குள் அடங்குகிறது. பருவத் தொடக்கத்தில் நோய் கண்டறியப்பட்டால், தொழிலாளி மலையிறங்குமுன் சிகிச்சை முடிந்துவிடும். ஆனால் லினசோலிட் சிலருக்கு இரத்தசோகையையும் கைகால் மரத்துப்போதலையும் உண்டாக்கும். பெடாகுலின் இதயத் துடிப்பின் ஒழுங்கைப் பாதிக்கக்கூடும். ஆகவே இரத்தச் சோதனையும் இதய மின்பதிவும் குறித்த நாட்களில் எடுக்கப்பட வேண்டும். தோட்டத்துக்கு அருகில் உள்ள சுகாதார நிலையத்திலேயே இவ்விரண்டையும் எடுக்க முடியுமானால் தொழிலாளி ஒரு நாள் கூலியை இழக்கமாட்டார். தேனிக்கோ இடுக்கிக்கோ போய்வர வேண்டுமானால் ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு நாள் போகும். எந்த நிலையத்தில் எந்தக் கருவியை வைப்பது என்பதை இரு மாவட்டக் காசநோய் அலுவலர்களும் பறிப்புக்காலம் தொடங்குமுன் ஒன்றாக அமர்ந்து முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.